நாற்பது கடிதங்களுக்கு நடுவே ஒன்று

டயர் கடைக்கு மேல்மாடியில் மூன்று அறைகள். முன்னறையில் மனுவோடு வருகிறவர்கள் உட்கார இரண்டு நீள பெஞ்சுகள். நடு அறையில் அவள். உள்ளறையில் சட்டமன்ற உறுப்பினர். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஏற்பாடு மாறவில்லை. தேர்தல்கள் வந்து போயின, சுவரின் சாயம் மூன்று முறை மாறியது, தட்டச்சு எந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அவள் மட்டும் அதே ஜன்னலோரம் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து வரும் ரப்பர் வாடை அவள் மூக்குக்கு எப்போதோ பழகிப்போயிருந்தது.

எல்லாருக்கும் அவள் கமா அக்கா. அந்தப் பட்டப்பெயர் உறுப்பினர் வைத்தது. அவர் மூச்சு விடாமல் பேசுகிறவர். சொல்லச் சொல்ல எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி தேறுவதே கஷ்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் அவையில் பேசவேண்டிய பேச்சை டைப் செய்தபோது, அவள் தானாகவே அங்கங்கே கமா போட்டுக் கொடுத்தாள். பேசிவிட்டு வந்தவர், "இன்னிக்குத்தாம்மா பேசும்போது நடுவுல மூச்சு விட்டேன்" என்றார். டயர் கடைக்காரர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை, "கமா அக்கா குடும்பத்தினர்" என்று உறையின் மேல் எழுதியே கொடுத்தார்.

உறுப்பினரைக் கெட்டிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. நேர்மையானவர் என்று எதிர்க்கட்சிக்காரர்களே சொல்வார்கள், கொஞ்சம் எரிச்சலோடு. தெருவிளக்குக்கு எழுதுவார், பள்ளிக்கூடச் சுவருக்கு எழுதுவார், நின்றுபோன ஓய்வூதியத்துக்கு எழுதுவார். ஒரே ஒரு வகைக் கடிதம் மட்டும் எழுதமாட்டார். வரிசையில் இருக்கும் ஒருவரை முன்னால் தள்ளிவிடச் சொல்லும் கடிதம். பள்ளியில் இடமோ, ஆஸ்பத்திரியில் படுக்கையோ, எதுவானாலும் முடியாது என்றால் முடியாதுதான்.

"ஒருத்தரை முன்னால விட்டா ஒருத்தன் பின்னால போவான். அவன் யாருன்னு நமக்குத் தெரியாது. அவன் இங்க வந்து பெஞ்சுல உக்காரல, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். சொந்த மைத்துனரே இதைக் கேட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். கமா அக்காவும் இதே பதிலைச் சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சொல்லும்போது அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருக்கும்.

அவளுடைய கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வாயைத் திறந்தால் கேலி. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன என்று டாக்டர் சொன்னபோதுகூட, "இஞ்சின் நல்லா இருக்கு, ஃபில்டர்தான் போச்சுங்கிறார்" என்று மனைவிக்கு விளக்கம் சொன்னார். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்யவேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் பார்த்தார்கள். அதற்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஆறு எந்திரங்கள் இருந்தன. ஆறுக்கும் ஆள் இருந்தது. யாருடைய இடமாவது காலியானால்தான் பட்டியலில் அடுத்தவருக்கு வாய்ப்பு. இடம் எப்படிக் காலியாகும் என்று யாரும் வெளியே சொல்வதில்லை. பட்டியலில் அவருடைய எண் ஒன்பது.

கால் வீங்கியது. மூச்சு வாங்கியது. படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். கேலி குறைந்தது. ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் நழுவ, "நீயே போட்டுவிடு" என்று மனைவியிடம் கழுத்தை நீட்டினார். அதற்கு ஒரு கேலியும் சொல்லவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் உறுப்பினர் தலைநகருக்குக் கிளம்புமுன், அந்த வாரத்துக் கடிதங்களில் எல்லாம் கையெழுத்துப் போடுவார். நாற்பது கடிதமாவது இருக்கும். நின்றபடியே போடுவார், ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா. அவள் தாள் புரட்டிக்கொடுப்பாள். சேர்ந்த புதிதில் ஒவ்வொரு கடிதத்தையும் படித்தார். பிறகு, "நீ படிச்சாச்சுல்ல?" என்று கேட்க ஆரம்பித்தார். பிறகு அந்தக் கேள்வியும் நின்றுபோனது.

அன்று காலை அவள் பதினோரு வரியில் ஒரு கடிதம் டைப் செய்தாள். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்கு. இந்த நோயாளியின் நிலையைக் கருத்தில் கொண்டு முன்னுரிமை அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று. ஒரு எழுத்துப் பிழையில்லை. குடிநீர்க் குழாய்க் கடிதத்துக்கும் நூலகக் கூரைக் கடிதத்துக்கும் நடுவில் அதை வைத்தாள். மதியம் உறுப்பினர் போனில் யாரிடமோ பாலம் பற்றிப் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பேனா அந்தத் தாளின் மேல் ஓடியபோது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நிப்பைத்தான் பார்த்தாள். இரண்டு வினாடிகூட ஆகவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

மெக்கானிக் தேறினார். எந்திரத்தோடு பிணைக்கப்பட்டு நான்கு மணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்ததும், "ஆயில் சேஞ்ச் முடிஞ்சுது, வண்டியை எடு" என்பார். அந்த வார்டிலேயே அவர்தான் வாயாடி. இத்தனை சீக்கிரம் இடம் கிடைத்ததை அதிர்ஷ்டம் என்றே நம்பினார். அவளும் அப்படியே நம்பவிட்டாள்.

மூன்றாவது வாரம், வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவள் காத்திருந்தபோது பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அவள் வயதுதான் இருக்கும். விரல்களில் அங்கங்கே பிளாஸ்திரி. கண்ணாடி வெட்டும் கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். கணவருக்கு உடம்பு முடியாததால் இப்போது தானே வெட்டுகிறாளாம், கை இன்னும் பழகவில்லையாம்.

"உங்க வீட்டுக்காரருக்கு எப்ப பேர் குடுத்தீங்கக்கா?"

"ரொம்ப நாளாச்சும்மா."

"எங்களுக்கும் ரொம்ப நாளாச்சு. அடுத்தது நீங்கதான், அடுத்தது நீங்கதான்னு சொல்லிட்டே இருக்காங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிட்டு, வந்தப்புறம் இல்லன்னுட்டாங்க."

கமா அக்கா "கிடைச்சிரும்மா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கடைசியில் வார்டு ஆயாவிடம் விசாரித்தாள். "கண்ணாடிக் கடைக்காரரா? அவர் போய்ச் சேர்ந்துட்டாரேம்மா" என்று சொல்லிவிட்டு ஆயா தரையைத் துடைத்துக்கொண்டே நகர்ந்தாள்.

மெக்கானிக் பதினாலு மாதம் உயிரோடு இருந்தார். மகளுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவள் பட்டம் வாங்கியபோது முதல் வரிசையில் உட்கார்ந்து, கூச்சமே இல்லாமல் விசிலடித்தார். வீட்டில் இருந்த மின்விசிறி, மிக்சி எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். பிறகு ஒரு காய்ச்சலில் போய்விட்டார். உறுப்பினர் அடக்கத்துக்கு வந்து, வெயிலில் கடைசிவரை நின்றார்.

இரண்டு வருஷம் ஓடியது. கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி சும்மா இருக்கவில்லை என்பது கமா அக்காவுக்குத் தெரியாது. மனு மேல் மனு போட்டு, ஏறாத படியெல்லாம் ஏறி, பட்டியலின் நகலை வாங்கியிருக்கிறாள். கூடவே, கோப்பில் இருந்த உறுப்பினரின் கடித நகலையும். அதை அவையின் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். குழு விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

செய்தி பத்திரிகையில் வந்த அன்று நோயாளியின் பெயர் வெளியிடப்படவில்லை. வேண்டப்பட்ட ஒருவருக்காக உறுப்பினர் சிபாரிசு செய்தார், முறைப்படி இடம் பெறவேண்டிய கண்ணாடிக் கடைக்காரர் இறந்துபோனார், அவ்வளவுதான். கூடவே பழைய பேச்சு ஒன்றையும் தேடிப் போட்டிருந்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு உறுப்பினர் இதே குழுவின் முன் நின்றபோது, இவர் அவையில் எழுந்து சொன்னது: "விசாரணை நடக்கட்டும். குற்றமில்லைன்னா திரும்பி வாங்க, நானே வாசல்ல நின்னு வரவேற்கிறேன். அதுவரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருங்க." அந்தப் பேச்சை டைப் செய்ததும் கமா அக்காதான்.

வாசலில் மைக்குகள் குவிந்தன. உறுப்பினர் மாடிப்படியில் நின்று பதில் சொன்னார்.

"அன்னிக்கு நான் சொன்னது இன்னிக்கும் சரிதான். ஆனா எழுதவே எழுதாத ஒரு லெட்டருக்காக நான் ஏங்க ராஜினாமா பண்ணணும்? என் தொகுதி சனங்களைக் கேளுங்க, நான் அப்படி எழுதுவேனான்னு."

அவர் பொய் சொல்லவில்லை. அது நடு அறையில் உட்கார்ந்திருந்தவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஊருக்கு வேறு பேச்சே இல்லை. கீழே டயர் கடைக்காரர் ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "பஞ்சரான வண்டியை ஓட்டிட்டே போனா ரிம்மும் சேர்ந்து போயிடும். ஓரமா நிறுத்திட்டு இறங்கட்டும்."

"ஆணி குத்திச்சா இல்லையான்னு பார்க்காமலே டயரைக் கழட்டுவீங்களாண்ணே?" என்று லாரிக்காரர் திருப்பிக் கேட்டார். "அவர் இறங்கினா அந்த இடத்துக்கு யார் வருவாங்கன்னு யோசிச்சீங்களா? நல்லவனா வந்து வரிசையில நிக்கிறான்?"

வீட்டிலும் அதே பேச்சு. மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் தலை பின்னிக்கொண்டே படபடவென்று பொரிந்தாள்.

"போய்த்தாம்மா ஆகணும். நல்லவர்னா என்ன இப்போ? ஒரு உயிர் போயிருக்கு."

"அவர் எழுதலைங்கிறாரே."

"கையெழுத்து அவரோடதும்மா. அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் இடத்துல நம்ம அப்பா இருந்திருந்தா நீ இப்படிப் பேசுவியா?"

கமா அக்கா டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே நின்றாள்.

இரண்டு நாள் கழித்துக் குழுவின் நோட்டீஸ் தபாலில் வந்தது. தபாலைப் பிரிப்பது எப்போதும் அவள்தான். உள்ளே கடிதத்தின் நகல். பதினோரு வரிகளும், தன் கணவரின் பெயரும், அதற்குக் கீழே அந்தக் கையெழுத்தும். கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னறையில் யாரோ இருமினார்கள். எழுந்து உள்ளே போனாள்.

உறுப்பினர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதலில் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு பெயரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இது உன் வீட்டுக்காரர் பேராச்சே."

"ஆமா சார்."

"நானா எழுதினேன்?"

"நான்தான் சார் டைப் பண்ணினேன். மத்த லெட்டருக்கு நடுவுல வெச்சுட்டேன். நீங்க போன்ல பேசிட்டே போட்டீங்க. படிக்கல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்த நகலின் மேல் வைத்தார். திட்டியிருந்தால் அவளுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா முடியாதுன்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லித்தான் இருப்பேன்."

"தெரியும் சார். அதனாலதான் கேக்கல."

அவர் முகம் சுண்டிப்போனது. கோபமா வேதனையா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "வெளியில இரும்மா" என்றார். பிறகு கட்சிச் செயலாளரை வரவழைத்தார்.

செயலாளர் வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் வேர்வையெல்லாம் அடங்கிவிட்டது. "பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு சார்!" என்று அவர் சொன்னது மூடிய கதவைத் தாண்டி நடு அறைக்குக் கேட்டது. திட்டம் சுலபமானது. கையெழுத்துப் போலி. அலுவலக ஊழியர் செய்த மோசடி. இன்றோடு அவளை நீக்கி, போலீசில் புகார் கொடுத்துவிடலாம். ராஜினாமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

"அவ கையெழுத்துப் போடலய்யா. நான்தான் போட்டேன்" என்றார் உறுப்பினர்.

"படிக்காம போட்டது போடாத மாதிரிதான் சார். நீங்க இப்ப இறங்கினா இடைத்தேர்தல். வர்றவன் யாருன்னு உங்களுக்கே தெரியும். ஆயிரம் பேருக்கு நல்லது பண்ற நாற்காலி. ஒரு பொம்பளை பண்ணின தப்புக்காக விட்டுக்குடுப்பீங்களா?"

அதற்கு உறுப்பினர் சொன்ன பதில் வெளியே கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் செயலாளர் கையால் எழுதிய அறிக்கை ஒன்றை அவள் மேஜையில் வைத்தார். அவள் கண்ணைப் பார்க்காமல், "சார் சொல்லியிருக்கார், இதை டைப் பண்ணிக் குடும்மா" என்றார்.

அவள் படித்துப் பார்த்தாள். நம்பிக்கைத் துரோகம் என்று இருந்தது. போலிக் கையெழுத்து என்று இருந்தது. அதைத் தவிர மற்றதெல்லாம் நிஜம்தானே என்று நினைத்தாள். ஜெயில் என்ற நினைப்பு வந்தது, மகள் நினைப்பும் வந்தது. இருந்தாலும் விரல்கள் தாமாக ஓடின. ஒரு வாக்கியம் சுற்றி வளைத்துப் போயிருந்தது, அதை நேராக்கினாள். ஓர் இடத்தில் செயலாளர் தேதியைத் தப்பாக எழுதியிருந்தார், அதையும் திருத்தினாள். அச்செடுத்துக்கொண்டு உள்ளே போய், எப்போதும் போலத் தாளின் அடியில் கையெழுத்து இடத்தைக் காட்டியபடி நின்றாள்.

உறுப்பினர் பேனாவைத் திறந்தார். பிறகு, உட்கார்ந்து, தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டு படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து படித்தார்.

"எப்படிம்மா இதை டைப் பண்ணின?"

"நீங்க சொன்னதா சொன்னாங்க சார்."

"நான் சொல்லல. வேணாம்னும் சொல்லல. அரை மணி நேரமா அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன். வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல பாரு."

செயலாளர் ஏதோ சொல்ல வந்தார். உறுப்பினர் கையமர்த்தினார்.

"படிக்காமலே போட்டேன்னு குழு முன்னாடி சொன்னா, இருபது வருஷமா போட்டதெல்லாம் என்னன்னு கேப்பாங்க. நானும் அதைத்தான் கேட்டுக்கறேன். அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் இடத்தைப் பறிச்சது என் கையெழுத்துதானே? இவ கையெழுத்துக்கு எந்த ஆஸ்பத்திரி கதவைத் திறந்திருக்கும்?"

"சார், தப்பு என்னோடது. நீங்க போகாதீங்க சார். நான் எல்லார் முன்னாடியும் சொல்றேன்" என்று கமா அக்கா உடைந்து அழுதாள். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

"நீ சொல்ல வேண்டியதை நீ சொல்லு. நான் சொல்ல வேண்டியது வேற. உக்காரு, எழுதிக்கோ."

ராஜினாமாக் கடிதம் நான்கு வரி. அதை அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் டைப் செய்துகொண்டு வந்ததும், உட்கார்ந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு, "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் அவர் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

அன்று மாலையே அவள் மகளிடம் சொல்லிவிட்டாள். ஒன்றையும் விடவில்லை. பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணையும் சேர்த்துத்தான். மகள் கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்துபோய் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கு அந்த மாசங்கதாம்மா அப்பான்னா. அதுக்கு முன்னாடி அவர் எந்நேரமும் ஷெட்டுல கிடந்தார். அந்தப் பதினாலு மாசத்தை நான் இப்ப என்ன பண்றது? வேண்டாம்னு திருப்பிக் குடுக்கவா முடியும்?"

மகள் அதன் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். ராஜினாமாவைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

குழுவின் முன்னால் கமா அக்கா ஒருமணி நேரம் நின்றாள். கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னாள். குழுவில் இருந்த ஓர் அம்மாள், "இப்பவும் அதே நிலைமை வந்தா மறுபடியும் வெப்பீங்களா?" என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். சட்டைப் பொத்தானுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றவர் கண்முன் வந்தார். "தெரியலம்மா" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அறிக்கை நான்கு மாதம் கழித்து வந்தது. உறுப்பினருக்குத் தவறான நோக்கம் இல்லை, கவனக்குறைவு மட்டுமே, கண்டிப்பு போதுமானது என்றது. பதவி விலகவேண்டிய அளவுக்கு எதுவும் இல்லை என்று ஒரு வரியும் அதில் இருந்தது. அவளுக்கு, இனி எந்த உறுப்பினரின் அலுவலகத்திலும் வேலை பார்க்கக்கூடாது என்று தடை. அதற்குள் இடைத்தேர்தல் முடிந்திருந்தது. செயலாளர் பயந்த ஆள்தான் ஜெயித்தான். மேல்மாடிக்கு வந்து போகிறவர்களின் வண்டிகள் டயர் கடையை மறித்துக்கொண்டு நின்றன. கடைக்காரர், பெஞ்சுகளை எடுத்துவிட்டு சோபா போட்டுவிட்டார்கள் என்று மட்டும் அவளிடம் சொன்னார். "அவசரப்பட்டுட்டார். இருந்து பார்த்திருக்கலாம்" என்றும் முனகினார். இறங்கட்டும் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

அறிக்கை வந்த மறுநாள் கமா அக்கா உறுப்பினர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கதவைப் பாதி திறந்தார். "தூங்கறாரும்மா" என்றார். காலை பதினோரு மணி. உள்ளே ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள். "எழுந்ததும் நான் வந்தேன்னு சொல்லுங்கம்மா" என்றாள். "சொல்றேன்" என்று அவர் கதவைச் சாத்தினார். திட்டிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினார்.

அங்கிருந்து வீட்டுக்குப் போக மனமில்லாமல் நடந்தாள். நடந்து நடந்து கண்ணாடிக் கடைக்கு வந்துவிட்டாள். எத்தனையோ தடவை அந்தத் தெரு முனை வரை வந்து திரும்பியிருக்கிறாள்.

கடைக்காரி பெரிய மேஜை மேல் ஒரு கண்ணாடியைப் படுக்கவைத்து, அளவுகோலை அழுத்திப் பிடித்து, வெட்டும் கருவியை ஒரே இழுப்பாக இழுத்தாள். கோட்டின் இரண்டு பக்கமும் கைவைத்து அழுத்தினாள். சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. கை நன்றாகப் பழகிவிட்டிருந்தது. விரல்களில் பிளாஸ்திரி இல்லை. நிமிர்ந்து பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீங்கதானா" என்றாள்.

"நான்தாம்மா. மன்னிப்புக் கேக்க வரல. அதைக் கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. அன்னிக்கு பெஞ்சுல உக்கார்ந்து உங்ககிட்ட பொய் சொன்னேன். அதை நேர்ல சொல்லணும்னு தோணிச்சு."

கடைக்காரி துண்டுக் கண்ணாடிகளை ஒரு தகர டப்பாவில் போட்டாள்.

"நாலு மாசமா எங்க போனாலும் அந்த சாரைப் பத்தித்தான் பேச்சு. போகணும், போகக்கூடாது, போனது தப்பு, போனது ரைட்டு. நான் அவரைப் போகச் சொல்லவே இல்லக்கா. என் மனுவை எடுத்துப் படிச்சுப் பாருங்க. எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுட்டு ஏன் திருப்பி அனுப்பினீங்கன்னுதான் கேட்டிருந்தேன். வரச் சொன்னாங்கன்னு அன்னிக்கு சவரம்லாம் பண்ணிட்டு வந்தாரு. அதைப் பத்தி ஒருத்தர் பேசல."

கமா அக்கா நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. ஒருவர் வந்து மேஜைக்கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். அதைச் சீட்டில் குறித்துவைத்துவிட்டுக் கடைக்காரி கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் அதுக்கப்புறம் எவ்வளவு நாள் இருந்தாரு?"

"பதினாலு மாசம்."

"நல்லா இருந்தாரா? இல்ல, படுக்கையிலயேதானா?"

படுக்கையில்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கும். ஆனால் இவளிடம் இன்னொரு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"நல்லா இருந்தாரும்மா. பொண்ணுக்கு ஸ்கூட்டர் கத்துக்குடுத்தாரு."

கடைக்காரி தலையை ஆட்டினாள். அளவுகோலை எடுத்துத் துணியால் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது, விழவில்லை. "வேலை கிடக்குக்கா" என்றாள். கமா அக்கா கடைப்படி இறங்கினாள்.

இப்போது அவள் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து மனு டைப் செய்து கொடுக்கிறாள். பழைய தொகுதிக்காரர்கள் அவளைக் கண்டதும் சிலர் வந்து பேசுவார்கள், சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். உறுப்பினரிடமிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. ஒருநாள் மதியம் அவர் எதிர்ச் சாரியில் குடையோடு நடந்து போனதைப் பார்த்தாள். கூப்பிடலாம் என்று எழுந்தவள், எதிரே ஒரு கிழவர் மனுவுக்காகக் காத்திருந்ததால், மறுபடியும் உட்கார்ந்து, "சொல்லுங்கய்யா, யாருக்கு எழுதணும்?" என்று கேட்டாள்.